டயப்பர் இல்லாத மூன்று நாள்

"குழந்தைகிட்ட அடக்கிக்கோன்னு மட்டும் சொல்லாதே" என்றான் கணவன்.

அப்படி என்ன பெரிய குற்றம் செய்துவிட்டாள் அவள்? பால் பொங்குகிற நேரம் பார்த்து வாண்டு வந்து "அம்மா, உச்சா" என்றது. ஒரு நிமிஷம் அடக்கிக்கோடி என்று சொல்லி, அடுப்பை அணைத்துத் திரும்புவதற்குள் சமையலறையில் குளம் கட்டிவிட்டது.

"ரெண்டரை வயசுக் குழந்தை. வந்தா வந்ததுதான். அடக்க வெச்சா நாளைக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு அவதிப்படப் போறது யாரு?"

அவள் கவலை அவளுக்கு. திங்கட்கிழமை வாண்டை மழலையர் பள்ளியில் விட வேண்டும். பகலில் டயப்பர் போடுகிற குழந்தை என்றால் சேர்க்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பள்ளி கைவிட்டுப் போனால் அவளுடைய வேலையும் போச்சு. இந்த வாரத்தோடு சரி, இனி ஒரு நாள்கூட லீவு கிடையாது என்று அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று.

அவன் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும்போது மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, மகளுக்கு உச்சா பழக்க உட்கார்ந்துவிட்டான். மாடி வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவன் சட்டை செய்யவில்லை.

முதல் நாள் ஏழு ஜட்டி. சோபா ஒரு தடவை, செருப்பு ஒரு தடவை, அதுவும் அவனுடைய செருப்பு. முகம் சுளிக்காமல் தானே துடைத்தான், தானே அலசிக் காயப்போட்டான். அரை மணிக்கு ஒரு தரம் பாட்டுப் பாடி பாத்ரூமுக்குக் கூட்டிப்போனான். வாண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்து பாட்டு முழுவதையும் ரசித்துவிட்டு, வெளியே வந்து கம்பளத்தில் போனது.

இரண்டாம் நாள் நாலு ஜட்டி. நாலாவதில் அவளுக்குப் பொறுமை போய்க் கை ஓங்கிவிட்டாள். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அது என்ன, வேணும்னேவா பண்ணுது? உடம்பு கேக்குது, போகுது. அதுக்குப் போய் அடிப்பியா?"

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, அவன் பசியோடு தட்டில் கை வைத்த நேரம்.

"அப்பா, வருது."

சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு மகளை வாரிக்கொண்டு ஓடினான். மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாத்ரூமில் இருந்து கைதட்டல் கேட்டது. அப்பாவும் தட்டினான், மகளும் தட்டினாள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனை இத்தனை நாள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

போன் மறுபடி அடித்தது. கம்பெனியில் இருந்துதான். மகளுக்கு ஜட்டி மாட்டிவிட்டபடியே ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நாலாவது வரிசையில தைக்கிற அம்மா பாத்ரூம் போகணும்னு நிக்கிறாங்க. நீங்க சொன்னாத்தான் விட முடியும். அனுப்பட்டுமா?"

"காலையில ஒரு தடவை போனாங்கல்ல? மத்தியான பெல்லுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே இருக்கு. அதுவரைக்கும் பேசாம உக்காந்து தைக்கச் சொல்லு."