சவரிமுத்துவின் கண்

“அப்ப நம்ம கண்ணு குரங்குகிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்றீங்க?”

“ஆமா அங்கிள். பச்சை இலைக்குள்ள சிவந்த பழம் பளிச்சுன்னு தெரியணும்னுதான் அந்தக் காலத்துலேயே கண்ணும் மூளையும் அப்படி வளர்ந்துச்சு. அதே மாதிரிதான் இந்த மெஷினுக்கும் படிப்படியா மூளைய வளர்த்திருக்கோம்” என்றாள் இன்ஜினியர் நாச்சம்மை.

அந்த மலேசியச் செம்பனைத் தோட்டத்தில் எந்தக் குலை பழுத்தது என்று சொல்வதுதான் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சவரிமுத்துவின் வேலை. இன்றைய போட்டியில் மெஷின் ஜெயித்தால், நாளை முதல் அந்த வேலை மெஷினுக்கு.

“உங்க குரங்கே முதல்ல பார்க்கட்டும் லா. இருபத்தாறு வருஷம் பார்த்தவன் நான். இதுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்.”

மெஷின் கேமராவை உயர்த்தி ஐம்பது மரங்களையும் பார்த்தது. சவரிமுத்து நிமிரக்கூட இல்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழங்களைக் காலால் தள்ளி எண்ணிக்கொண்டே, ‘வெட்டலாம்’, ‘வேணாம்’ என்று சொல்லிக்கொண்டு போனார்.

எல்லாக் குலைகளையும் வெட்டி இறக்கிப் பார்த்தார்கள். மெஷினுக்கு ஒன்பது தப்பு. அவருக்கு ஒன்றுகூட இல்லை.

“என்ன கண்ணு அங்கிள் உங்களுக்கு! அடுத்த மெஷினுக்கு இந்தக் கண்ணத்தான் வைக்கணும்.” நாச்சம்மை முடிவுத்தாளையும் இரண்டு பேனாக்களையும் நீட்டினாள். “ஜெயிச்ச நீங்க பச்சையில கையெழுத்துப் போடுங்க. தோத்துப்போன மெஷினுக்கு நான் சிவப்புல போடுறேன்.”

சவரிமுத்து பேனாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பொறந்ததுலேருந்து எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான், மிஸ். இதுல பச்சை எதுன்னு நீங்களே எடுத்துக் குடுங்க. இல்லன்னா உங்க மெஷின்கிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க லா.”