பூட்டண்ணன் திரும்பி நிற்பார்

பூட்டுக்குள் விட்ட கம்பி மறுபடியும் வழுக்கியது.

பூட்டண்ணன் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பைக்குள் வேறு கம்பியைத் தேடினார்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. முட்டைக் கடைக்காரியாயிற்றே, எதையும் பார்த்துப் பதமாகத்தான் தொடுவாள் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம்.

வெள்ளம் வடிந்ததிலிருந்து எங்கள் தெருக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டவர் இவர்தான். துருவேறிய பூட்டு, தண்ணீரோடு போன சாவி, ஊறிப் பெருத்த கதவு, எதுவானாலும் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். கூலி என்று பேச்செடுத்தால் மட்டும் காது கேட்காது.

அவரிடம் ஒரு பழக்கம். பூட்டு விட்டுக்கொடுத்ததும் கதவைத் தொடமாட்டார். முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். உள்ளே முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்குரியவர்கள், அழுவதும் திட்டுவதும் அவர்கள் பாடு என்பார்.

என் வீட்டைத் திறந்தபோது ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. கூடமெங்கும் சேறு. ஒப்பாரி வைக்காத குறையாக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் கரண்டு கம்பத்தையே அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை திரும்பவே இல்லை. அந்த மரியாதையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இப்போது மிச்சம் தெருக்கோடியிலிருக்கும் இந்தப் பச்சைக் கதவு ஒன்றுதான்.

இன்றைக்குத் திறந்தே ஆக வேண்டும். வெயில் ஏறிவிட்டது. சேறு காய்ந்து இறுகினால் அப்புறம் கடப்பாரைதான், அது எந்தப் பொருளையும் முழுசாக வெளியே விடாது. வீட்டுக்காரரோ சாவி தண்ணீரோடு போய்விட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சாக்குச் சொல்லியே கடத்திக்கொண்டிருந்தார். காலையில் பள்ளிக்கூட முகாமுக்கே போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டேன். என் வாய்க்குப் பயப்படாதவர் இந்தத் தெருவில் யார்?

மண்வெட்டி, வாளி, துடைப்பத்தோடு எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். எங்கள் வீடுகளைக் கழுவிக் கழுவிக் கை தேறியிருந்தது. இந்த வீடெல்லாம் எங்களுக்கு எம்மாத்திரம்?

கதவுதான் திறந்தபாடில்லை.

பூட்டண்ணன் எண்ணெய் விட்டார். ஊதினார். பூட்டைக் குறை சொன்னார், கம்பியைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள், இவர் ஆடத் தெரிந்தவராயிற்றே.

பக்கத்தில் போய்க் குனிந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னேன்.

"அண்ணே, சாவி உங்க சட்டைப்பையிலதான இருக்கு."

கம்பி அப்படியே நின்றது.

இந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரரே இவர்தான். முகாமிலிருந்து வரும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவரை நான் கவனிக்காமலா இருப்பேன்? அண்ணி இறந்தபின் அவர் பொருள் எதையும் இவர் வைத்த இடத்திலிருந்து நகர்த்தியதில்லை. புடவைகளெல்லாம் கட்டிலுக்கு அடியில், பெட்டியில்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பூட்டு ஒரே திருப்பில் திறந்தது.

நான் சட்டென்று தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என்னைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள். வாளியும் மண்வெட்டியுமாக அத்தனை பேரும் கரண்டு கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு தரையை உரசியது. சேற்றில் கால் அழுந்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. என் வாயும் மூடியே இருந்தது, அதிசயம்தான்.

இத்தனை வருஷத்தில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனிதரின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"யாராவது வந்து பெட்டிய ஒரு கை பிடிங்களேன்."

கேட்டது ஒரு ஆளைத்தான். தெருவே உள்ளே போனது.