ஒரே ஒரு வசனம்

அவள் மேடையில் தும்மினால் கடைசி வரிசைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்வார், அப்பேர்ப்பட்ட நடிகை. சினிமா கைவிட்டதும் டிவி தொடருக்கு வந்தாள். அதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து, கோமாவில் படுத்தவள்தான். இரண்டு வருஷமாகக் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரி செட்டில் டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தம்பி, ஒரே ஒரு வசனம் பேச விடுப்பா. தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரி, 'உங்களுக்குப் பேச்சு வருமா?'ன்னு சைகையில கேக்கறா!"

"அக்கா, நீங்க வாயைத் திறந்தா உங்களைப் பிடிச்சுத் தள்ளினது யாருன்னு சொல்லணும். ஊரே அதுக்குத்தானே காத்துக் கிடக்கு?"

"சொல்றேன்! இப்பவே சொல்றேன்! கேமராவை ஓட விடு!"

"யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மருமகளா? கொழுந்தனாரா?"

திருதிருவென விழித்தாள்.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முதல் நாள்லேர்ந்து இந்தத் தொடரை எழுதறதே நீங்கதானே அக்கா! எழுதற உங்களுக்கே தெரியலைன்னா, படுத்திருக்கிற உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவள் கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழையபடி கோமாவுக்குப் போய்விட்டாள்.