காதும் காதும் வைத்தாற்போல

"முறைப்பாடு போடுங்கோ அண்ணை, ஆர் வேண்டாமெண்டது? சட்டத்தரணிகள் சங்கத்திலை இருந்து பதில் வீட்டுக்குத்தான் வரும். அக்கா உடைச்சுப் பார்ப்பா. உங்களுக்குப் பரவாயில்லையெண்டால் எனக்கென்ன?"

யோகேந்திரன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

கிறகரி அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றான்.

வரிக் கடனில் மாட்டிய மொன்றியல் தமிழரைப் பிடித்துக்கொண்டு வருவதற்கென்றே இந்தச் சட்ட நிறுவனம் யோகேந்திரனை வைத்திருந்தது. சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரர். முதல்நாள் கைகுலுக்கினார், போனார். அதற்குப் பிறகு கிறகரி அவரைக் கண்ணால் காணவில்லை.

மற்ற நாட்களில் யோகேந்திரனின் தலைக்கு மேலே மடு மாதா படம் தொங்கும். அதைப் பார்த்துத்தான் கிறகரியின் மனம் முதலில் இளகியது. இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நுழைந்தான். மாதா தொங்கிய ஆணியில் பிள்ளையார் தொங்கினார். ஆளுக்கேற்ற சாமி! சீ, என்ன பிழைப்பு இது.

டாக்சி ஓட்டிய காலத்தில் கிறகரி வரிக்கென்று ஒரு சதமும் ஒதுக்கி வைக்கவில்லை. அது அவனுடைய பிழைதான். மனைவி ஜொய்சிக்குத் தெரியாமல் கட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தது அதைவிடப் பெரிய பிழை.

எங்கள் சனத்துக்குக் கடன்கூடப் பயமில்லை. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம். நிறுவனம் அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரம் செய்தது.

வரித் திணைக்களத்தின் கடிதங்களைத் தங்கள் விலாசத்துக்கே மாற்றிவிட்டார்கள். முன்வாசலால் வந்தவரைப் பின்பக்க லிஃப்டால் அனுப்பினார்கள். ஒரு தமிழர் இருக்கும்போது இன்னொரு தமிழருக்கு நேரம் கொடுப்பதில்லை. எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது. என்ன நல்ல மனிதர்கள் என்று கிறகரி அப்போது நினைத்தான். இப்போது அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒன்றரை வருடம் நிறுவனத்துக்கு மாதாமாதம் காசு கட்டினான். போன கிழமை பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. திணைக்களம் கணக்கை முடக்கிவிட்டது.

தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் தானே திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தான். அங்கிருந்த பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். அவனுக்காக ஒரு சட்டத்தரணியும் ஒருநாளும் பேசவில்லையாம். அவனே எடுத்துச் சொல்லியிருந்தால் தவணை முறையில் கட்ட எப்போதோ விட்டிருப்பார்களாம். இப்போது வட்டி குட்டி போட்டு நிற்கிறதாம்.

கட்டிய காசைத் திருப்பித் தா என்று கேட்கத்தான் இன்று வந்தான். அதற்குத்தான் இந்தச் சிரிப்பு.

இவன் கிறகரியின் வீட்டில் சாப்பிட்டவன். போன நத்தார்ப் பண்டிகைக்கு ஜொய்சி சுட்ட றோல்ஸை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு, அக்காவின் கைக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும் என்று புகழ்ந்தவன். அந்தக் கையைக் காட்டித்தான் இப்போது வெருட்டுகிறான்.

ஜொய்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கத்த மாட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவன் சொல்கிற எதையும் நம்ப மாட்டாள். அந்த ஒரு பயம்தான் ஒன்றரை வருடமாக அவன் வாயைக் கட்டி வைத்திருந்தது.

யோகேந்திரன் மணிக்கூட்டைப் பார்த்தான். பின்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கதவால் திரும்பவும் கள்ளனைப் போல இறங்கிப் போக கிறகரிக்கு மனம் வரவில்லை. பயத்தைவிட அருவருப்புப் பெரிதாகிவிட்டது.

"நானே அவளுக்குச் சொல்லுறன்" என்றான்.

முன்வாசல் பக்கம் நடந்தான். யோகேந்திரன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான். அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. அந்தப் பக்கம் வேண்டாம், ஆட்கள் காண்பார்கள் என்று கெஞ்சினான். இன்னும் என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம் என்று எண்ணிக் கிறகரி கையை உதறிக்கொண்டு கதவைத் திறந்தான்.

வெளியே ஒரே ஒரு ஆள்தான் காத்திருந்தார்.

ஜொய்சி.

காலையில் ஜான்-டலோன் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவள். கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

பின்தொடர்ந்து வந்துவிட்டாள் என்றுதான் அவன் முதலில் நினைத்தான்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தி, இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள் மதாம் ஜொய்சி என்று பிரெஞ்சில் சொன்னாள். மாதாமாதம் காண்கிற ஒருவரிடம் பேசுகிற குரல் அது.

ஜொய்சி ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்து நடத்தும் சின்னக் கார்டரி கிறகரியின் நினைவுக்கு வந்தது. பெற்றோர் அவள் கையில் கொடுக்கும் காசுக்கு வரி கட்டுகிறாளா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பி யோகேந்திரனைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் துளிகூட இல்லை. ஒரே விலாசம், ஒரே கட்டில், இரண்டு கோப்பு. எல்லாம் அவனுக்கு முதலே தெரியும்.

ஜொய்சி கணவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இவருக்குத் தெரிஞ்சால் என்னை விட்டிட்டுப் போயிடுவாரெண்டு நீர்தானே சொன்னனீர்?"

யோகேந்திரன் பின்பக்கக் கதவை நோக்கித் திரும்பினான்.

கிறகரி போய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.