எப்பதான் மாத்தப் போறே?

"இந்தக் கேமராவை எப்பதான் தலைமுழுகப் போறே?" என்றார் கணவர், கம்ப்யூட்டர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. ஆள் உட்கார்ந்திருக்காங்க" என்றாள் போட்டோகிராபரான மனைவி.

உட்கார்ந்திருந்தவள் ஒரு குழந்தைகள் டாக்டர். இரண்டு பெரிய விளக்குகளுக்கு எதிரே, பரீட்சை எழுத வந்தவள் போல முதுகை நிமிர்த்தியிருந்தாள். புதிதாகத் திறக்கப் போகும் கிளினிக்கின் பலகைக்கு ஒரு படம் வேண்டும். பழைய பலகையில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தே குழந்தைகள் வாசலில் அழ ஆரம்பித்துவிடும். "படத்துலயே பாதி ஊசி போட்டுடறீங்க டாக்டர்" என்று நர்ஸே சொல்லிவிட்டாள். பலகை செய்பவர் சாயங்காலத்துக்குள் படம் கேட்டிருந்தார்.

"கொஞ்சம் சிரிங்க டாக்டர்."

அந்த ஒரு வார்த்தை போதும், உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும். வீட்டில் தனியாகத் துணி மடிக்கும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வரும். யாராவது கேட்டால் மட்டும் வராது. கேட்டதும் எடுத்துக் கொடுக்க அது தன்னிடம் இருக்கிற பொருள் இல்லையென்று முகத்துக்கு யார் சொல்லிவைத்தார்களோ. உதட்டை இழுத்துப் பார்த்தாள். பல்வலிக்காரி மாதிரி இருக்குமென்று அவளுக்கே தெரிந்தது.

'டடக்' என்றது பழைய கேமரா.

"கேட்டியா சத்தத்தை? நாம கடையைச் சாத்திட்டோம்னு பக்கத்துக் கடைக்காரர் நினைச்சுக்கப் போறார்."

"இது உங்களுக்கு முன்னாடியே என் வாழ்க்கையில வந்தது. உங்களுக்கு சீனியர். மரியாதையாப் பேசுங்க."

"சீனியர்னா ரிட்டயர் ஆகணும்ல? பேட்டரி நிக்கலை, ஸ்பேர் கிடைக்கலை. போன கல்யாணத்துல மாப்பிள்ளையை விட்டுட்டு, பின்னாடி நின்ன அவரோட மாமா மேல ஃபோகஸ் பண்ணிச்சு."

"அந்தப் படத்தைப் பார்த்துத்தானே அத்தனை வயசுக்கப்புறம் மாமாவுக்குப் பொண்ணு அமைஞ்சுது? அதைச் சொல்ல மாட்டீங்களே."

டாக்டர் குபீரென்று சிரித்துவிட்டாள். போட்டோகிராபர் அவசரமாகக் கேமராவைத் தூக்கினாள். லென்ஸ் கிர்ர் கிர்ரென்று முன்னும் பின்னும் போய் வந்தது. ஒருவழியாக 'டடக்' கேட்டபோது டாக்டரின் முகம் பழையபடி இறுகியிருந்தது.

"போச்சா? எவ்வளவு நல்ல சிரிப்பு! இந்தக் கிழம் கண்ணைத் திறக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கறவங்க தூங்கிடுவாங்க" என்றார் கணவர்.

"புதுசு வாங்கினா இந்த லென்ஸ் எதுவும் அதுக்குச் சேராது. எல்லாத்தையும் மாத்தணும். உங்களையும் சேர்த்து மாத்தறதா இருந்தா நான் ரெடி."

"டாக்டர், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. தள்ளாத வயசு, எந்தப் பாகமும் வேலை செய்யலை. இன்னும் எவ்வளவு நாள் இழுத்துக்கிட்டுப் போறது?"

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் டாக்டர். "நான் பல் முளைக்கிற கேஸ்தான் பார்ப்பேன். பல் விழற கேஸ் பார்க்கிறதில்லை."

தான் சொன்ன ஜோக்கா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தத் தடவை கேமராவிலிருந்து 'டடக்'கூட வரவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

சிரிப்பு வடிந்ததும் மனசு சோர்ந்துபோனது. வராத சிரிப்பு இரண்டு தடவை வந்தும், பிடித்துவைக்க ஆளில்லை. மூன்றாவது தடவை வராது. தன் முகத்தை அவளுக்குத் தெரியும்.

"தப்பா நினைக்காதீங்க" என்று கைப்பையை எடுத்தாள். "சார் சொல்றதுதான் சரி. முதல்ல இதை மாத்துங்க. நான் வேற ஸ்டூடியோ பார்த்துக்கறேன்."

"இதை ஒருதரம் பார்த்துட்டுப் போங்க" என்று கணவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திரை நிறைய ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, கண் இடுங்க, யாரும் கேட்காத சிரிப்பு. இப்படி ஒருத்தியைக் கூடவே வைத்துக்கொண்டா இத்தனை காலம் இருந்தோம்? எந்தக் குழந்தையும் இவளிடம் தாவிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தவள், படத்தின் ஓரத்தில் போட்டோகிராபரின் முழங்கையையும் அவள் கையிலிருந்த பழைய கேமராவையும் கவனித்தாள்.

"அந்தக் கேமராவே படத்துக்குள்ள இருக்கே. அப்ப இதை எது எடுத்துச்சு?"

போட்டோகிராபர் ஒரு விளக்குக்குக் கீழே தொங்கிய, நடுவில் சின்ன ஓட்டை போட்ட கறுப்புத் துணியை விலக்கினாள். புத்தம் புதிதாக, சத்தமே போடாத ஒரு கேமரா. அதிலிருந்து ஒரு வயர் நேராகக் கணவரின் கம்ப்யூட்டருக்குப் போனது.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டுவிடுவது தன் தொழிலில் மட்டும்தான் என்று டாக்டர் அதுவரை நினைத்திருந்தாள்.

"கேமராவை எப்பவோ மாத்திட்டோம் டாக்டர்" என்றாள் போட்டோகிராபர். "சிரிக்க வராதவங்க வந்தா மட்டும் பழசை வெளியே எடுத்து, இப்படி ஒரு சண்டை போடுவோம்."