எண்ணெய்ச் சூடு

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கிளியூர்ப் பக்கம் விறகுக்குப் போன மனுவேல் திரும்பி வரவேயில்லை. எஸ்டேட் ஆட்கள் மூடுபனியில் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி லூர்துசெல்வி நாயின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி நாட்களில் அவர் வருவதை முதலில் சொல்வது அவைதான். பாதை வளைவில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஜிம்மியின் காதுகள் நிமிர்ந்துவிடும்.

இப்போது வலது காது சீழ் பிடித்துத் தொங்கியது. அந்தி தோறும் மனுவேல்தான் காதுமடலைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு, இளஞ்சூடாக வேப்பெண்ணெய் விடுவார். வேறு யார் தொட்டாலும் கடிக்க வரும்.

"காது கேக்காமத்தான் நிமுத்தாம கெடக்குதோ என்னமோ. நீங்களே எண்ணெய் உடுங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள்.

"ஆமா கண்ணம்மா. வாயில்லாச் சீவனைக் கவனிக்காம உட்டுட்டேன்னு அவரு வந்து ஏசுவாரு."

லூர்துசெல்வி எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். ஜிம்மி உறுமியது. கிண்ணத்தோடு நின்று அழுதாள். "மாதாவே, அவர உசுரோட குடுத்துரு தாயே."

அப்போது ஜிம்மியின் இரண்டு காதுகளும் நிமிர்ந்தன. அவள் வளைவு வரை ஓடிப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை.

திரும்பி வந்தபோது ஜிம்மி தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தது. வலது காதுமடல் பின்னால் மடிந்து, அப்படியே நின்றது. பிடித்திருக்க அங்கே யாருமில்லை.

லூர்துசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணம்மாள் அதைப் பார்த்தபடி நின்றாள். லூர்துசெல்வி அதற்குமேல் பாதையைப் பார்க்கவில்லை. நாயின் அருகே உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"சூடு சரியா இருக்குதுங்க," என்றாள்.