மூன்றாவது வரன்

பிரதீப்பின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார் ரங்கராஜன். டெல்லி ஆர்.கே.புரம் மார்க்கெட்டில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் அவன். போன வருஷம் ஸ்ம்ருதியைப் பெண் கேட்டு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன்.

"என் பொண்ணு பேரை நாறடிக்க உனக்கு எப்படிடா மனசு வந்தது?"

கூட்டம் கூடிவிட்டது. தனக்கு எதுவும் தெரியாது என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான், "சோடியே அங்கிள்ஜி, விட்டுடுங்க" என்று இழுத்து விலக்கினார்.

ஸ்ம்ருதிக்கு இது மூன்றாவது வரன். முதல் இரண்டும் காரணம் சொல்லாமலே கழன்றுகொண்டன. இது நிச்சயதார்த்தம் வரை வந்தது. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு யாரோ பெயர் போடாமல் ஒரு ஈமெயில் அனுப்பிவிட்டார்கள்.

எவனோடு சுற்றினாள், எந்த ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்தாள் என்று வரிக்கு வரி சாக்கடை. படித்தவர்கள் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இதை உட்கார்ந்து டைப் அடித்த கை எப்படித்தான் அதன்பிறகு சோற்றைப் பிசைந்ததோ.

தாயில்லாப் பெண். கல்யாணமாகி அமெரிக்கா போனபின் அப்பா தனக்கு எழுதட்டும் என்று, போன மாதம்தான் அவருக்கு ஒரு ஐடி போட்டு மெயில் அனுப்பவும் சொல்லிக் கொடுத்திருந்தாள். பால் பூத் மேல் புகார் எழுதினாலும் பைலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கிற மத்திய சர்க்கார் ஆசாமி, ஆர்வமாகத்தான் கற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் ரங்கராஜனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிரதீப்பைத் திஹார் ஜெயிலில் தள்ளாமல் விடமாட்டேன் என்றார். ஸ்ம்ருதி கதவைச் சாத்தினாள். அந்த அசிங்கத்தை மாப்பிள்ளை ஷ்ரவண் அவளுக்கு அப்படியே அனுப்பியிருந்தான். அன்று ஆபீஸில்தான் அதைத் திறந்து பார்த்தாள்.

"அந்த மெயில்ல உங்க ஐடிக்கும் ஒரு காப்பி போட்டிருக்குப்பா. அப்படி ஒரு ஐடி இருக்கறதே நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

ரங்கராஜன் சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"ஏம்ப்பா?"

"நீயும் போயிட்டா எனக்கு யாருடி சமைச்சுப் போடுவா?"